ஒன்பது முதல் பத்து வரை

பன்னிரண்டாம் படுக்கைக்காரரின் சார்ட்டில் முதல் பக்கத்தில், சிவப்பு மையில், "வான்கோமைசின் ஒவ்வாது, கொடுக்கக் கூடாது" என்று எழுதியவர் சின்ன டாக்டர். அவரை அப்படி எழுத வைத்தது நான். இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யார் மேல் கோபம் என்று கேட்டால் ஒரு வரிசையே சொல்வேன். அந்த வரிசையில் முதல் ஆளும் நான்தான்.

வார்டில் எனக்குப் பட்டாசு என்று பெயர். பதினாலு வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். விரிப்பு அழுக்காக வந்தால் சலவைக்கூடம் வரைக்கும் போய்ச் சண்டை போட்டிருக்கிறேன். லிப்டு ஓடவில்லை என்று எலக்ட்ரீஷியனின் ஏணியைப் பிடுங்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றுமில்லாததற்கெல்லாம் வெடித்தவள், வெடிக்க வேண்டிய அன்றைக்கு நமத்துப்போய் நின்றேன்.

எங்கள் வார்டின் வழக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒன்றும் விளங்காது. காலை பத்து மணிக்குப் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் பளிங்கு. வார்டு பளிங்கு மாதிரி இருக்க வேண்டும் என்று வாய் ஓயாமல் சொல்லுவார், அதனால். ஒரு முறை ரவுண்ட்ஸின்போது யாருடைய டிரிப்ஸ் குழாயோ அவர் கையில் மாட்டி, ஸ்டாண்டு சாய்ந்து, பாட்டில் அவர் தலையில் இடித்தது. பின்னால் வந்த கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். மறுநாளே உத்தரவு வந்தது. "நான் வர்றப்ப கொடியில துணி காயப்போட்ட மாதிரி பாட்டில் தொங்கக் கூடாது."

ஆகவே ஒன்பது மணி மருந்தெல்லாம் பத்துக்குள் இறங்கி, ஸ்டாண்டுகள் சுவரோரம் ஒதுங்கியிருக்க வேண்டும். ஆனால் மருந்துக் கூடத்திலிருந்து கலந்த பைகள் வார்டுக்கு வந்து சேருவது ஒன்பதரைக்கு. இருபத்தெட்டுப் படுக்கை, மூன்று நர்ஸ். மீதமிருக்கும் அரை மணிக்குள் எல்லாம் உள்ளே போயாக வேண்டும் என்றால் ஒரே வழிதான் இருக்கிறது. குழாயில் சொட்டின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். அதை முழுக்கத் திறந்துவிடுவோம்.

சார்ட்டில் "தொடங்கிய நேரம்", "முடிந்த நேரம்" என்று இரண்டு கட்டங்கள் உண்டு. அதை மருந்து ஏறிய பிறகு எழுத யாருக்கு நேரம் இருக்கிறது? எட்டு மணிக்கு ஷிப்டுக்கு வந்ததும் இருபத்தெட்டுச் சார்ட்டையும் அடுக்கி வைத்துக்கொண்டு, நேற்றைய வரியைப் பார்த்து, புது மருந்தானால் டாக்டர் எழுதியதைப் பார்த்து, இன்றைய வரியில் "9 – 10" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு முடித்துவிடுவோம். நடக்கப்போவதை நடந்துவிட்டதாக எழுதுவதில் எங்களிடம் எந்த ஜோசியக்காரனும் பிச்சை வாங்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்தபோதே இப்படித்தான் இருந்தது. எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கு நானே கற்றுக்கொடுத்தேன்.

பெரும்பாலான மருந்துகள் எங்கள் அவசரத்தைப் பொறுத்துக்கொள்ளும். வான்கோமைசின் பொறுக்காது. ரத்தத்தில் கிருமி ஏறி, மற்ற மருந்துகள் கையை விரித்த பிறகு கொடுக்கிற மருந்து அது. மெதுவாக ஏற்றினால் ஆளைக் காப்பாற்றும். திபுதிபுவென்று விட்டால் முகமும் கழுத்தும் மார்பும் சிவந்து, பிய்த்துக்கொள்ளும்படி அரிப்பெடுத்து, பிரஷர் இறங்கும். பார்க்க ஒவ்வாமை மாதிரியே இருக்கும், ஆனால் ஒவ்வாமை இல்லை. வேகம்தான் காரணம். நிறுத்தி, அரிப்பு அடங்க மருந்து கொடுத்து, பிறகு மெள்ள விட்டால் அதே ஆள் அதே மருந்தை வாங்கிக்கொள்வார். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரியாவிட்டாலும், பையின் மேலேயே கொட்டை எழுத்தில் ஒட்டியிருப்பார்கள்: ஒரு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது.

பன்னிரண்டாம் படுக்கைக்காரர் பஸ் டிரைவர். நாற்பத்தாறு வயது. டிப்போவில் ஒரு கம்பி வலது பாதத்தைக் கிழித்திருக்கிறது. லீவு போட மனசில்லாமல் பதினோரு நாள் அதே காலால் பிரேக் மிதித்திருக்கிறார். பன்னிரண்டாம் நாள் குளிர் நடுக்கத்தோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்தக் காய்ச்சலிலும் மனுஷருக்கு வாய் ஓயவில்லை. ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு நான் போனால், "சிஸ்டர், ஹாரன் அடிச்சுட்டு வாங்க" என்பார். அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அதிகம் பேச மாட்டார். பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு நிற்கிறவர் மாதிரி, மடியில் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

அன்று காலைதான் அவருக்கு வான்கோமைசினின் முதல் பை. பைகள் வந்ததும் முதலில் அவரிடம் வந்தபோது ஒன்பது முப்பத்தைந்து. ஹெட் சிஸ்டர் வாசலில் நின்று, "சீக்கிரம், சீக்கிரம், இன்னிக்கு வெளியில இருந்து ஆளுங்க வேற வர்றாங்க" என்று கைதட்டிக்கொண்டிருந்தார். பையின் மேல் இருந்த எழுத்தைப் படித்தேன். படித்துவிட்டுத்தான் சக்கரத்தைத் திறந்தேன்.

கால் மணி நேரத்தில் அவர் முகம் அடுப்பு முன்னால் உட்கார்ந்தவர் முகம் போல ஆகிவிட்டது. கழுத்தைப் பறித்தார். "சிஸ்டர், எறும்பு மேயுது, ஒடம்பெல்லாம் எறும்பு" என்று கத்தினார். ஓடிப்போய் நிறுத்தினேன். பிரஷர் எண்பதுக்கு இறங்கியிருந்தது. காலை உயர்த்திப் படுக்கவைத்தோம், சின்ன டாக்டர் ஓடி வந்து ஊசி போட்டார். பத்து மணிக்குள் அடங்கிவிட்டது. சின்ன டாக்டர் என்றால் படித்து முடித்து வந்து இரண்டு வருடமான பெண், நல்ல பெண், எதையும் பார்க்காமல் எழுத மாட்டாள். அவள் சார்ட்டைத்தான் பார்த்தாள்.

"ஒம்பது மணிக்கு ஆரம்பிச்சிருக்கீங்க. அம்பது நிமிஷமா மெதுவாத்தான போயிருக்கு?" என்று என்னைக் கேட்டாள்.

ஹெட் சிஸ்டர் எனக்கு முந்திக்கொண்டு, "ஆமா டாக்டர், எழுதியிருக்கே" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. மெதுவாகப் போயும் இப்படி ஆனதென்றால் அது ஒவ்வாமையாகத்தான் இருக்க வேண்டும். அவள் சரியாகத்தான் யோசித்தாள். சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

மதியம் லேபிலிருந்து ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. எந்தெந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்ற பட்டியல். வரிசையாக எல்லாவற்றுக்கும் எதிரே "கேட்காது" என்று இருந்தது. இரண்டே இரண்டுக்குத்தான் "கேட்கும்". ஒன்று வான்கோமைசின். மற்றது எங்கள் மருந்துக் கூடத்தில் இல்லை, வெளியே சொல்லி அனுப்பி வரவழைக்க மூன்று நாள் ஆகும். அதுவரைக்கும் இருப்பதில் ஏதோ ஒன்றைப் போட்டுச் சமாளிப்போம் என்று முடிவாயிற்று. அது கேட்காத பட்டியலில் இருந்த மருந்து. கொடுக்காமல் இருப்பதற்குப் பதில் ஒப்புக்குக் கொடுத்தார்கள்.

சாயங்காலம் நான் கிளம்பும்போது டீச்சர் படிக்கட்டில் வழிமறித்தார்.

"சிஸ்டர், ஒம்பது முப்பத்தஞ்சுக்குப் போட்டீங்க. ஒம்பது அம்பதுக்கு நிறுத்தினீங்க. நான் பாத்துட்டே இருந்தேன்."

"டீச்சர்..."

"பதினஞ்சு நிமிஷம். அந்தப் பையில ஒரு மணி நேரம்னு போட்டிருந்துச்சு. குப்பைத் தொட்டியில கெடந்ததை எடுத்துப் படிச்சேன். அந்த டாக்டரம்மாகிட்டப் போய்ச் சொன்னேன். அவங்க சார்ட்டைத் திருப்பிக் காட்டுறாங்க. எழுத்துல இருக்கேம்மா, பதட்டத்துல உங்களுக்கு நேரம் தெரிஞ்சிருக்காதுன்றாங்க. எனக்கா நேரம் தெரியாது? நீங்க சொல்லுங்க, நான் பொய் சொல்றேனா?"

"இல்ல டீச்சர்" என்றேன், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

"அப்ப அதை அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

"சொல்றேன்."

திரும்பி மேலே ஏறினேன். வாயை மூடிக்கொண்டு ஏறியிருந்தால் நேரே சின்ன டாக்டரிடம் போயிருப்பேன். மனசு அடித்துக்கொண்டதில் ஹெட் சிஸ்டரிடம் போய்க் கொட்டினேன். அவர் கதவைச் சாத்தினார்.

"என்னன்னு சொல்லப்போற? நேரம் பொய்னா? ஒரு வரி பொய்னா மீதி வரியெல்லாம் எப்படின்னு கேப்பாங்கல்ல? இருபத்தெட்டு பெட்டு, பதினாலு வருஷம். நீ மட்டுமா மாட்டுவ? நாங்க எல்லாரும் வரிசையா நிக்கணும்."

"அந்த ஆளுக்கு வேற மருந்து இல்ல சிஸ்டர்."

"மூணு நாள்ல வருது. அதுவரைக்கும் கடவுள் பாத்துக்குவாரு. ஒரு ராத்திரி தூங்கிட்டு வா, காலையில பேசிக்கலாம்."

கடவுள் பார்த்துக்கொள்ளுவாராம். சக்கரத்தைத் திறந்தது நான், கைதட்டியது நீங்கள், பார்த்துக்கொள்ள மட்டும் கடவுள் வர வேண்டுமா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எனக்கும் வீடு இருக்கிறது, படிக்கிற பெண் இருக்கிறாள், இந்த வேலை போனால் என்ன செய்வது என்ற பயம் இருக்கிறது. மென்று விழுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். தூக்கமும் வந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என் மேல் எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

மறுநாள் எட்டு மணிக்கு வந்தபோது டிரைவரை வாசலுக்குப் பக்கத்துப் படுக்கைக்கு மாற்றியிருந்தார்கள். மோசமானவர்களைத்தான் அங்கே போடுவோம். உதடு வெளுத்து, மூச்சு ஓட்டமாக இருந்தது. பாதத்தின் வீக்கம் கணுக்காலைத் தாண்டியிருந்தது, விரல்கள் நீலம் பாரித்துக் கிடந்தன. என்னைப் பார்த்து எதுவும் கிண்டலடிக்கவில்லை. டீச்சர் என்னைப் பார்த்தார், பிறகு சின்ன டாக்டரைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். நான் சொல்லவில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ரவுண்ட்ஸ் முடிந்ததும் சின்ன டாக்டரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அதுவும் ரவுண்ட்ஸ் முடிந்த பிறகுதான், பாருங்கள் என் தைரியத்தை. முடிவு செய்துவிட்ட நிம்மதியில் சார்ட்டுகளை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்து என் பங்கை எழுதி முடித்தேன்.

பத்து மணிக்குப் பளிங்கு வந்தார். ஸ்டாண்டுகள் எல்லாம் சுவரோரம். அவர் முகத்தில் திருப்தி. வாசல் படுக்கையில் நின்று சார்ட்டைப் புரட்டினார். புரட்டிய கை நின்றது.

"முதல் பக்கத்துல வான்கோமைசின் கொடுக்கக் கூடாதுன்னு செவப்புல எழுதியிருக்கு" என்றார். "உள்ள இன்னிக்குக் காலையில வான்கோமைசின் குடுத்திருக்கீங்க. ஒம்பது முதல் பத்து. யார் கையெழுத்து இது?"

எட்டிப் பார்த்தேன். என் கையெழுத்து. ஒவ்வொரு நாளும் செய்வது போல நேற்றைய வரியைப் பார்த்து இன்றைய வரியை எழுதியிருக்கிறேன். கொடுக்காத மருந்தை, கொடுக்கக் கூடாது என்று தடுத்த மருந்தை, ஒரு மணி நேரம் ஏற்றியதாக எழுதி, அடியில் அழகாகக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். முந்தின நாள் சாயங்காலம் அந்த மருந்துக்காக மனசு அடித்துக்கொண்ட நான், அதன் பெயரை எழுதும்போது கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

சின்ன டாக்டருக்கு முகம் வெளிறிவிட்டது. "சிஸ்டர்! குடுத்தீங்களா?" என்று டிரைவரின் கழுத்தையும் மார்பையும் தொட்டுப் பார்த்தாள். சிவப்பு ஒன்றும் இல்லை.

ஹெட் சிஸ்டர் பின்னால் நின்று என் முழங்கையைக் கிள்ளினார். "கை தவறி எழுதிட்டேன்னு சொல்லு" என்று காதோரம் ஊதினார். நல்ல வழிதான். கை தவறிவிட்டது, மன்னித்துவிடுங்கள், அவ்வளவுதான், ஒரு திட்டோடு போய்விடும். அந்த ஆள் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தார். டீச்சர் எழுந்து நின்றிருந்தார்.

"குடுக்கல சார்" என்றேன்.

"அப்ப இது என்ன?"

"எட்டு மணிக்கே எழுதினது. எல்லாச் சார்ட்லயும் அப்படித்தான் எழுதுவோம். நேத்தும் அப்படித்தான் எழுதினேன். நேத்து இவருக்கு ஒரு மணி நேரம் போகல. ஒம்பது முப்பத்தஞ்சுக்குப் போட்டு முழுசாத் தொறந்து விட்டேன், பதினஞ்சு நிமிஷத்துல செவந்துபோச்சு. இது ஒவ்வாமை இல்ல சார். நான் விட்ட வேகம்."

பளிங்கு கண்ணாடியைக் கழற்றினார்.

"எதுக்கு அப்படி விட்டீங்க?"

"நீங்க வர்றதுக்குள்ள ஸ்டாண்டை எடுக்கணும்ல."

"வேகமா விடுங்கன்னு நான் எப்பவாவது சொன்னேனா?" என்றார். முகத்தில் உண்மையான ஆச்சரியம். "பாட்டில் தொங்கக் கூடாதுன்னுதான சொன்னேன்?"

அதைக் கேட்டதும் எனக்கு உச்சிக்கு ஏறியது. சொல்லவில்லைதான். எந்தக் காகிதத்திலும் இல்லைதான். பை ஒன்பதரைக்கு வரும், அவர் பத்துக்கு வருவார், மருந்துக்கு ஒரு மணி நேரம் வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க அவருக்கு எந்தப் படிப்பு குறைவாக இருந்தது?

"சொல்லல சார்" என்றேன், சத்தமாகவே. "நீங்க சொல்லல, நாங்களும் கேக்கல. எல்லாரும் சேர்ந்து இவரைக் கொன்னுட்டிருக்கோம். திட்டுறதை அப்புறம் திட்டுங்க. மொதல்ல அந்த மருந்தை எழுதுங்க."

பெரிய டாக்டரிடம் நான் அப்படிப் பேசி யாரும் பார்த்ததில்லை, நான் உட்பட. சின்ன டாக்டர் ஒருவருக்காகவும் காத்திருக்கவில்லை. "மொதல்ல அரிப்புக்கு ஊசி, அப்புறம் இதை ரெண்டு மணி நேரத்துக்கு, பம்ப்ல" என்று எழுதத் தொடங்கிவிட்டாள். சிவப்பு எழுத்தின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் காரணமும் எழுதினாள். பத்து இருபதுக்கு, சொட்டை அளந்து விடும் அந்த மிஷினில் மருந்து ஏறத் தொடங்கியது. நான் கட்டில் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு, பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை பிரஷர் பார்த்தபடி பன்னிரண்டரை தாண்டும் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் கன்னம் சிவந்தது, வேகத்தை இன்னும் குறைத்ததும் போய்விட்டது. பளிங்கின் ரவுண்ட்ஸ் எங்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

மனுஷர் பிழைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது, ஐந்தாம் நாள் ரத்தத்தில் கிருமி இல்லை என்று வந்தது. கால் பிழைக்கவில்லை. நான்காம் நாள் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். வலது கால். பஸ் ஓட்டுகிறவனுக்கு வலது கால்.

விசாரணை வைத்தார்கள். "செவிலியரின் கவனக்குறைவு" என்று நாலு பக்கம். எனக்கு மெமோ. ஹெட் சிஸ்டருக்கு எச்சரிக்கை. பளிங்கின் பெயர் அந்த நாலு பக்கத்தில் ஒரு இடத்தில் வருகிறது, "பெரிய டாக்டரின் மேலான ஆலோசனையின்படி" என்று. பை இனி எட்டரைக்கு வரும் என்றும், ரவுண்ட்ஸ் இனி பதினொன்றுக்கு என்றும் கடைசி வரியில் இருந்தது. அவ்வளவுதான். இதைச் செய்வதற்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். இத்தனை வருடத்தில் அந்த அழைப்பைச் செய்ய ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் ஆனபோது டிரைவருக்கு மறுபடி வாய் திறந்துவிட்டது. பக்கத்துப் படுக்கைக்காரரிடம், "ஒரு செருப்பு மிச்சம், உங்க அளவு என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் வெளியே போயிருந்தார். நான் மருந்துப் பையை மாட்டி, வேகத்தைச் சரிபார்த்து, கடிகாரத்தைப் பார்த்துச் சார்ட்டில் நேரம் எழுதினேன்.

"சிஸ்டர்" என்றார்.

"சொல்லுங்கண்ணே."

"வீட்டுக்காரி எல்லாம் சொல்லிட்டா. நீங்கதான் எல்லார் முன்னாடியும் எடுத்துச் சொன்னீங்களாம். ஒண்ணு கேக்கணும். அன்னிக்கே சொல்லியிருந்தா கால் நின்னிருக்குமா?"

டாக்டர்கள் இதற்கு வைத்திருக்கும் பதில் எனக்குத் தெரியும். உறுதியாகச் சொல்ல முடியாது, காயம் ஏற்கெனவே முற்றியிருந்தது, பதினோரு நாள் நீங்களும் அலட்சியமாக இருந்தீர்கள். எல்லாம் உண்மைதான். அந்த உண்மைகளைத் தூக்கி அவர் முன்னால் வைத்துவிட்டு நான் பின்னால் ஒளிந்துகொள்ளலாம்.

"நின்னிருக்கும்னுதான் நெனைக்கிறேன்" என்றேன்.

அவர் தலையாட்டினார். கோபமாகவும் இல்லை, அழவும் இல்லை. பிறகு, பயணியிடம் இந்த ஸ்டாப்பில் நிற்காது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

"நாளையில இருந்து வேற சிஸ்டரை வரச் சொல்லுங்க. உங்களைப் பாத்தா எனக்குத் தாங்கல."

"சரிண்ணே" என்றேன். போய் ஹெட் சிஸ்டரிடம் சொல்லி, என் பெயரை அந்தப் படுக்கையிலிருந்து மாற்றிக்கொண்டேன்.